இரண்டு ஜிபியில் மீதி எங்கே?

எங்கள் குடிநீர் வாரியத்தில் இருப்புச் சரிபார்ப்பு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன் கொள்கை மிகவும் எளிது. பொருள் குறைந்தால் திருட்டு. கூடினால் பெரிய திருட்டு. சரியாக இருந்தால் திருடியவன் கெட்டிக்காரன், இன்னும் நன்றாகத் தேட வேண்டும். பல வருடம் இங்கே ஸ்டோர் கீப்பராகக் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பிரிவு இதுவரை ஒரு திருடனையும் பிடித்ததில்லை. அதே சமயம் அவர்கள் சந்தேகப்படாத ஆளும் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்துக்கூட ஒருமுறை, "இது யார் பொறுப்புல இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு இடமாற்ற உத்தரவு வந்தபோதே இவர்கள் வருவார்கள் என்று தெரிந்துவிட்டது. என் மனைவியும் இதே வாரியம்தான். வேறு ஊர்க் கிளையில் எழுத்தர். நாலாவது படிக்கும் எங்கள் மகள் அவளோடு இருக்கிறாள். நான் இங்கே ஒற்றை அறையில் தனியாகச் சமைத்துத் தின்று, விடுமுறைக்கு விடுமுறை விருந்தாளி மாதிரி என் வீட்டுக்கே போய் வந்துகொண்டிருந்தேன். ஆறு வருடம் மனு மேல் மனு போட்டு, ஒரு வழியாக அவள் ஊருக்கே மாற்றல் கிடைத்தது. மாத முடிவுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். தவறினால் உத்தரவு ரத்து, மறுபடி வரிசையின் கடைசி. இங்கிருந்து என்னை விடுவிக்க வேண்டுமென்றால் ஸ்டோரில் குறைவு இல்லை என்று சரிபார்ப்புப் பிரிவு சான்று தர வேண்டும்.

போனில் மனைவியிடம் சொன்னேன்.

"நிஜமாவா? இல்ல வழக்கம்போலவா?" என்றாள்.

"ஆர்டர் கையில இருக்கும்மா."

"போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினேன். முத்திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள். அவள்மேல் தப்பில்லை. எங்கள் வாரியத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் தானாக வந்துவிடும்.

சரிபார்ப்பு அதிகாரியை நாங்கள் மீதியார் என்றுதான் சொல்வோம். எதை எண்ணினாலும் முடிவில் "மீதி எங்க?" என்று கேட்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஸ்டோரை எண்ணினார். குழாய், வால்வு, ஸ்பேனர், நாற்காலி, உடைந்த நாற்காலி, உடைந்ததென்று எழுதிவிட்டு உடையாமல் இருந்த நாற்காலி எல்லாமே சரியாக இருந்தன. மனிதர் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் கண் கம்ப்யூட்டர்களின் மேல் விழுந்தது.

அந்தப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் கிழடுகள். ஒவ்வொன்றிலும் மெமரி இரண்டே இரண்டு ஜிபி. முன்பெல்லாம் காலையில் சுவிட்சைப் போட்டால் டீ குடித்துவிட்டு வந்த பிறகுதான் முழுதாகத் திறக்கும். புதிது கேட்டால் தலைமையகம், "பழையது செத்துவிட்டதா?" என்று பதில் எழுதும். சாகவில்லை, சாகிறது என்று நாங்கள் எழுதுவோம். போன வருடம் என் மனைவியின் தம்பி என்னோடு வந்து தங்கியிருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பொழுது போகாமல் பன்னிரண்டிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். புத்தம்புது லினக்ஸ், அதிலும் மெமரி குறைவாக உள்ள பழைய மிஷின்களுக்கென்று செய்த இலகு ரகம். "மாமா, இதுக்கெல்லாம் இன்னும் ஆயுசு கெட்டி" என்றான். அவன் சொன்னபடியே எல்லாம் சிட்டாகப் பறந்தன.

அலுவலகம் சந்தோஷப்படும் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்! டைப்பிஸ்ட் அம்மா உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவு சீக்கிரம் திறக்குதே, உள்ள இருந்து எதையோ கழட்டிட்டாங்க" என்றார். கிளை அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இலவசம்ங்கிறீங்க. இந்தக் காலத்துல யாருய்யா இலவசமா குடுக்கிறான்? நாளைக்கு வந்து என்ன கேப்பான்?" என்றார். ஒரு வருடமாக யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் முற்றிப்போயிருந்தது.

மீதியார் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சரிபார்ப்பு அதிகாரிகளுக்கு லினக்ஸ் பற்றி ஒருநாள் பயிற்சி நடந்ததாம். அதில் 'ஃப்ரீ' என்ற கட்டளையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தட்டினால் மெமரிக் கணக்கு முதல் வரியில் வரும். மொத்தம் எவ்வளவு, உபயோகத்தில் எவ்வளவு, சும்மா இருப்பது எவ்வளவு என்று முதல் மூன்று கட்டங்கள். அதற்கப்புறமும் கட்டங்கள் உண்டு. பயிற்சியில் அங்கே வருவதற்குள் சான்றிதழ் வழங்கும் விழா ஆரம்பித்துவிட்டது.

அவர் ஒற்றை விரலால் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதுல எவ்வளவு வாங்கினோம்?"

"ரெண்டு ஜிபி சார்."

"சும்மா இருக்கிறது எழுபது எம்பி. மீதி எங்க?"

பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்தார். அடுத்த மிஷினில் எண்பது. அதற்கடுத்ததில் அறுபத்தைந்து. பன்னிரண்டையும் பார்த்து முடித்தபோது மனிதர் பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார்.

"நானும் பாத்திருக்கேன். குழாய் திருடுவாங்க, மோட்டார் திருடுவாங்க. மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி எடுத்தவரை இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

வெளியே ஓடிப்போய் மச்சானுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு நேரில் இருந்திருந்தால் ஒன்று வைத்திருப்பேன்.

"மாமா, அது எங்கேயும் போகல. ஒருதடவை படிச்ச ஃபைலை, மறுபடி யாராச்சும் கேப்பாங்கன்னு காலியா இருக்கிற மெமரியில எடுத்து வச்சுக்கும். அதனாலதான் வேகமா இருக்கு. வேற வேலைக்கு இடம் வேணும்னா அந்த நிமிஷமே விட்டுக்குடுத்துடும். அதே வரியில கடைசிக் கட்டத்தைப் பாக்கச் சொல்லுங்க, எவ்வளவு கிடைக்கும்னு அதுல இருக்கு."

உயிர் வந்தது. உள்ளே போய் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கிளை அதிகாரியும் வந்து நின்று கேட்டார்.

"கடைசிக் கட்டம் பயிற்சியில வரல" என்றார் மீதியார். "சரி, நீங்க சொல்றபடியே வச்சுக்குவோம். காலியா இருந்த இடத்துல மிஷின் தானா பொருளைக் கொண்டுவந்து வச்சிருக்கு. யாரைக் கேட்டு?"

"சும்மாத்தானே சார் கிடக்குது..."

"தம்பி, உக்காருங்க. நம்ம மாடியில நாலு ரூம் பூட்டியே கிடக்கு. கீழ ஜனங்க வெயில்ல நிக்கிறாங்க. சும்மா கிடக்குதேன்னு என்னைக்காவது திறந்து விட்டிருக்கோமா? விட்டதில்ல. சும்மா இருக்கிறத சும்மா வச்சிருக்கிறதுக்குப் பேருதான் நிர்வாகம். உங்க மிஷினுக்கு அந்த ஒழுக்கம் இல்ல. காலி இடத்தைப் பாத்தா கை துறுதுறுங்குது."

"யாராவது கேட்டா உடனே காலி பண்ணிக் குடுத்திடும் சார்."

மீதியாரும் கிளை அதிகாரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் நிஜமாகவே அதிர்ச்சி.

"மனு இல்லாமலா?" என்றார் கிளை அதிகாரி.

அன்றைக்கே விசாரணைக் குழு போட்டார்கள். மீதியார் தலைவர். கிளை அதிகாரியும் டைப்பிஸ்ட் அம்மாவும் உறுப்பினர்கள். முதல் வேலையாக ஒரு மிஷினைத் திறந்து மெமரிப் பட்டையைப் பிடுங்கி, தபால் பிரிவுத் தராசில் வைத்து நிறுத்தார்கள். புதிய பட்டை ஒன்றைக் கடையில் இரவல் வாங்கி அதையும் நிறுத்தார்கள். எடை ஒன்றாகவே இருந்தது. "எடை குறையாம எடுத்திருக்கார்" என்று குழு பதிவு செய்தது.

இரண்டாவது அமர்வில்தான் என் கதை கந்தலானது. 'ஃப்ரீ' காட்டும் கணக்கில் கீழே இன்னொரு வரி உண்டு. அதில் ஒவ்வொரு மிஷினிலும் ஒரு ஜிபி கூடுதலாகத் தெரிந்தது. நாங்கள் வாங்காத ஜிபி. மச்சானைக் கேட்டேன். "மெமரி பத்தாத மிஷின் இல்லையா மாமா, அதான் இருக்கிறதையே அழுத்தி மடிச்சு வைக்க ஒரு ஏற்பாடு பண்ணினேன். துணியை மடிச்சு வச்சா பீரோல இடம் கிடைக்கிற மாதிரி" என்றான். நல்லது செய்கிறேன் என்று என் தலையில் கல்லைப் போட்டிருக்கிறான்!

மீதியார் குரலைத் தாழ்த்தினார். "குறைவு மட்டும்னா உங்களோட முடிஞ்சிருக்கும். இப்ப கூடுதலும் இருக்கு. அப்படின்னா வேற ஏதோ கிளையில குறைஞ்சிருக்கணும். அங்க உங்களுக்கு ஆள் இருக்கணும்." என் கோப்பைப் புரட்டினார். "உங்க சம்சாரம் எந்தக் கிளை?"

அன்று மாலையே மனைவி போனில் பொரிந்து தள்ளினாள். "என் மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டச் சொல்றாங்க. ஒரு ஜிபி வச்சிருக்கியான்னு கேக்குறாங்க. நீங்க அங்க என்னதான் பண்றீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. மிஷின் காலி இடத்துல..."

"மாசம் முடியப்போகுது. பாப்பா தினமும் கேக்குறா. உங்களுக்கு வர மனசில்லன்னா நேரா சொல்லிடுங்க, இந்த மிஷின் கதையெல்லாம் வேண்டாம்."

என்னத்தைச் சொல்வது? நடந்ததை அப்படியே சொன்னால் எனக்கே நம்பும்படியாக இல்லை. ஒருவேளை நாம்தான் எடுத்துவிட்டோமோ என்று அறையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அமர்வில் மிஷினுக்குள் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் அதற்குப் பொறுப்பானவர் பெயர் வரும். முக்கால்வாசி வேலைக்கு எதிரில் 'ரூட்' என்று இருந்தது. லினக்ஸில் மிஷினின் தலைமைக் கணக்குக்கே அந்தப் பெயர்தான் என்று மச்சான் பிறகு சொன்னான்.

"யாரு இந்த ரூட்? வருகைப் பதிவுல பேரே இல்லையே" என்றார் மீதியார்.

கிளை அதிகாரி பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "எந்நேரமும் வேலை பாக்குறாரே. அப்ப நம்ம ஆளா இருக்க முடியாது" என்றார்.

டைப்பிஸ்ட் அம்மா, "நான் நேர்ல பாத்ததில்ல. ஆனா ஒருமாதிரியான ஆளுன்னு கேள்வி" என்று சாட்சி சொன்னார். ரூட் என்பவர் நேரில் ஆஜராக வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ரூட் வரவில்லை. அவருக்கு நாற்காலி போட்டுவைத்து மதியம் வரை காத்திருந்தார்கள். தலைமறைவாக இருப்பதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்று குழு முடிவுசெய்தது.

பிறகு ஒரு காரியம் நடந்தது. மின்சாரம் போய்விட்டு வந்தது. மிஷின்கள் புதிதாகத் திறந்தன. மீதியார் பழக்கதோஷத்தில் உடனே 'ஃப்ரீ' தட்டினார். சும்மா இருப்பது ஆயிரத்து அறுநூறு எம்பி என்று வந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. டைப்பிஸ்ட் அம்மா ஒரு கடிதத்தைத் திறந்தார், குறைந்தது. இன்னொன்றைத் திறந்தார், இன்னும் குறைந்தது. "கையை எடுங்கம்மா!" என்று மீதியார் அலறினார்.

திருடன் அகப்பட்டுவிட்டான். உபயோகம்தான் திருடன்.

பன்னிரண்டு மிஷின்களையும் நிறுத்தி, சுவிட்சின் மேல் சிவப்பு நாடா ஒட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். திறந்து காட்டிய மாத்திரத்தில் மெமரி இருந்ததால் குறைவு இல்லை என்று முடிவாயிற்று. மீதி நானூறு எம்பியை மிஷின் எழுந்திருக்கும் செலவு என்று மன்னித்தார்கள். கூடுதலாக இருந்த ஜிபியை உரிமை கோரப்படாத பொருள் என்று எழுதிக்கொண்டார்கள். வாரக் கடைசியில் கிளை அதிகாரி எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"பெருமையா சொல்றேன். இனிமே நம்ம கிளையில துளி மெமரிகூடச் செலவாகாது. தண்ணி வரலன்னு புகார் குடுக்க வந்தவங்க, மிஷின் மூடியிருக்குன்னதும் மறுபேச்சு பேசாம திரும்பிப் போயிட்டாங்க. ஜனங்க எவ்வளவு ஒத்துழைக்கிறாங்க பாருங்க! இந்த வாரம் பதிவான புகார் ஒண்ணுகூட இல்ல. தலைமையகமே போன் பண்ணி, எப்படி சாதிச்சீங்கன்னு கேட்டாங்க. நாம ஒண்ணும் பெருசா பண்ணல. வேலை பாக்குறத நிறுத்தினோம், அவ்வளவுதான்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு வேண்டியது விடுவிப்பு உத்தரவு ஒன்றுதான். கூட்டம் முடிந்ததும் அவர் அறைக்கு ஓடினேன்.

"குறைவு இல்லன்னு முடிவாயிடுச்சே சார். என்னை விட்டுடுங்க."

"தாராளமா. ஆனா ஆர்டர் டைப் பண்ணணுமே" என்றார்.

"பண்ணச் சொல்லுங்க சார்."

"மிஷினைத் திறந்தா குறையும். குறைஞ்சா உங்களை விட முடியாது."

"கையால எழுதிக் குடுங்க சார்."

"கையால எழுதினா போலின்னு சந்தேகப்படுவாங்க. நானே சந்தேகப்படுவேன்."

"வெளியே கடையில டைப் பண்ணிட்டு வந்துடறேன்."

"அலுவலக ரகசியத்தையா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு இரக்கப்பட்டவராக என் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீங்க. முத்திரையைப் பாத்துக்க ஆள் வேணும். மெமரி எப்படிக் காணாமப்போகும்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். இங்கேயே இருங்க, நினைவகக் காவலரா. வாய்மொழி உத்தரவுதான், டைப் பண்ண வேண்டிய அவசியமே இல்ல."

முத்திரை வைத்த மிஷின்களுக்கு எதிரில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அதில் உட்கார்ந்துகொண்டு மாதம் முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடாவைப் பிய்த்துவிடலாமா என்று கை பரபரக்கும். எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே வந்தாலும் மீதியார் கூடத்து மூலையில் தினசரியை விரித்துவைத்துக்கொண்டு, அதற்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதத்தின் கடைசிக்கு முந்தின நாள் காலையில் என் மனைவி வந்து இறங்கினாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ராத்திரி பஸ் பிடித்திருக்கிறாள். வாசலில் நின்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் வேறு யாரையோ கண்டுபிடிக்க வந்திருந்தாள் என்பது முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண்டதெல்லாம் பன்னிரண்டு செத்த மிஷின்களும் ஸ்டூலில் ஒரு புருஷனும்தான்.

"இதைத்தான் காவல் காக்குறீங்களா?"

"ஆமா."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதைத்தான்."

அவள் என்னை நம்பிய நிமிடம் அதுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. முந்தானையால் துடைத்துக்கொண்டு நேராக முதல் மிஷினுக்குப் போனாள். "அம்மா, அம்மா!" என்று மீதியார் எழுந்திருப்பதற்குள் நாடாவைப் பிய்த்து சுவிட்சைப் போட்டாள். மிஷின் மளமளவென்று எழுந்தது. விடுவிப்பு உத்தரவு எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம், அவள் கிளையில் அவள்தானே டைப் செய்கிறாள். அடித்தாள், அச்சிட்டாள், கோப்பு நாடாவில் கோத்தாள், கிளை அதிகாரியின் அறைக்குள் நுழைந்து கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்து, "இங்க சார்" என்றாள். எந்தக் கிளையானாலும் அதிகாரி ஒரே மாதிரிதான். அவர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நான் விடுவிக்கப்பட்டேன்! காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. அலுவலகமாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

அதற்குள் மீதியார் அந்த மிஷினில் 'ஃப்ரீ' தட்டியிருந்தார்.

"குறைவு" என்றார். குரலில் தேன் வழிந்தது. "யார் உபயோகிச்சது?"

"நான்தான்" என்றாள் என் மனைவி.

"நீங்க நம்ம வாரியத்து ஊழியர்தானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ரொம்ப நல்லது."

முத்திரை உடைந்த மிஷினில் இனிமேல் குறைவதற்கு என்ன இருக்கிறது என்று அதிலேயே டைப்பிஸ்ட் அம்மாவை உட்கார வைத்தார்கள். விசாரணை முடியும் வரை என் மனைவியை இந்தக் கிளையோடு இணைத்து உத்தரவு. ஒரு டீ ஆறுவதற்குள் டைப் ஆகி, அச்சாகி, கையெழுத்தாகி வந்துவிட்டது. எங்கள் வாரியத்தில் அவ்வளவு வேகமாக ஒரு உத்தரவு பிறந்ததே கிடையாது. "லினக்ஸ் வேகம்தான் போங்க" என்று கிளை அதிகாரி முதல்முறையாக ஒத்துக்கொண்டார்.

நான் சத்தம் போட்டேன். மேஜையைத் தட்டினேன். மனைவி என்னை வெளியே இழுத்து வந்தாள்.

"கத்தாதீங்க. நாளைக்குள்ள நீங்க அங்க சேரலன்னா அதுவும் போயிடும். பாப்பா தனியா இருக்கா. கிளம்புங்க."

"நீ?"

"ரூம் சாவியைக் குடுங்க."

கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அடுப்பு பற்றவைக்கும்போது கொஞ்சம் மக்கர் பண்ணும் என்று சொன்னேன். பஸ் கிளம்பும்போது அவள் கையாட்டவில்லை, திரும்பி அலுவலகத்தைப் பார்த்து நடந்தாள். மதியம் முதல் அமர்வு வைத்திருந்தார்கள்.

போய்ச் சேர்ந்தபோது மகள் பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இனிமே இங்கதானாப்பா?"

"இங்கதாம்மா."

"அம்மா எங்க?"

சொன்னேன். முழுதும் சொல்லவில்லை, ஆபீஸ் வேலை என்று மட்டும் சொன்னேன்.

"உங்க ஆபீஸ்ல, பிள்ளைக்கு ஒருத்தர் இருந்தா போதும்னு சொல்லிட்டாங்களா?"

மூன்று அமர்வுகளில் குழு கேட்ட கேள்விக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் சொன்னவன் நான். பையைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். ஆறு வருடத்தில் நன்றாகக் கனத்துவிட்டிருந்தாள்.